இடது இறக்கையில் ஒரு ஒட்டு

நண்பர்களே, ஏற்காட்டுப் பள்ளியில் நிற்கும் அந்த மிக் விமானத்தின் நெருக்கப் படங்களை பொம்மை விமானம் கட்டும் நம் குழுவில் போட்ட நாளிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எடுத்தவரின் கை நல்ல கை. மூக்கு வளையமும் அதன் நடுவே துருத்தி நிற்கும் கூம்பும், சக்கரக் குழிக்குள் ஓடும் குழாய்களும், வெயிலில் மஞ்சளித்துப்போன விமானி அறைக் கண்ணாடியும், வால் அடியில் பாராசூட் வைக்கும் குழலும் என்று எதையும் விடவில்லை. நம்மில் பாதிப் பேர் கண்புரை எடுத்துக்கொண்டவர்கள். ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்து ரிவிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பொம்மையில் அது தெரியப்போவதில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். தெரியுமா தெரியாதா என்பதா விஷயம்.

ஆனால் ஒரு படத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இடது இறக்கை, முன் விளிம்பு, நுனிக்குக் கொஞ்சம் உள்ளே. அங்கே ஒரு தகட்டு ஒட்டு இருக்கிறது. போர்முனையில் அவசரமாகப் போட்ட ஒட்டு என்று நீங்கள் எல்லோரும் எழுதியிருந்தீர்கள். நம் நண்பர் ஒருவர் அதையே அச்செடுத்து, ஆளுக்கு ஒன்று ரெசினில் வார்த்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அவர் அச்சு ஊற்றுவதற்குள் இதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

அந்த ரிவிட்டுகளின் தலையைப் பாருங்கள். இறக்கையின் மற்ற ரிவிட்டுகள் எல்லாம் தகட்டோடு தகடாக அமுங்கியிருக்கும். விரலால் தடவினால்கூடத் தெரியாது. ஒட்டில் இருப்பவை பொத்தான் போலப் புடைத்திருக்கும். அவை சேலத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்தவை. அவற்றை அடித்தபோது தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா.

அப்பா அப்போது கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் லாரி டிரைவர். அம்மாவுக்குச் சொந்த ஊர் கொட்டச்சேடு. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அங்கே இன்னொரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் பைக்குள் பேனாவுமாகத்தான் வெளியே வருவார். அம்மாவின் கல்யாணப் பேச்சின்போது, லாரிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தால் தங்கை பாதி நாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாராம். சொன்னது ஒரே ஒரு தடவை. அப்பா அதை விடவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் போவோம். போனால் அப்பா வாசலிலேயே நின்று பீடி குடித்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் படித்த மிஷன் பள்ளிக்கு ஓய்வு பெற்ற விமானம் ஒன்று வரப்போகிறது என்ற சேதி வந்த வருஷம் எனக்குப் பத்து வயது இருக்கும். விமானத்தை அப்படியே மேலே கொண்டுவர முடியாது. மூக்கோடு சேர்ந்த முன் பாதி ஒரு லாரியிலும், வால் பாதி ஒரு லாரியிலும் கீழேயிருந்து வந்தன. இரண்டு இறக்கைகளுக்கும் மலைவளைவு தெரிந்த டிரைவர் வேண்டும் என்று பள்ளியை நடத்திய ஃபாதர் எஸ்டேட்டில் கேட்டு அப்பாவையும் லாரியையும் இரவல் வாங்கியிருந்தார். காப்பிப் பறிப்பு முடிந்து லாரி சும்மா கிடந்த சமயம். அப்பா முந்தின நாளே லாரியைக் கழுவி, காப்பிக்கொட்டைத் தோல் அடைத்த சாக்குகளை மெத்தை போலப் பரப்பி, சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பூமழை பெய்து முடிந்த வாரம் அது. மலை முழுக்கக் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. அந்த மணத்தில் நாள் பூராவும் தலை லேசாகக் கிறுகிறுக்கும். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் நானும் அம்மாவும் ஊரோடு சேர்ந்து காத்து நின்றோம். மற்ற லாரிகள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்னும் பின்னும் எடுத்துத் திணறிக்கொண்டிருக்க, அப்பா வெகு முன்னாலேயே மேலே வந்துவிட்டார். சாக்குகளின் மேல் சாம்பல் நிறத்தில் இரண்டு முக்கோணங்கள். ஒன்றின் ஓரம் லாரிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. மளிகைக் கடைக்காரர் தேங்காய் உடைத்தார். யாரோ இறக்கைக்குக் குங்குமம் வைத்தார்கள். டீக்கடைக்காரர் அப்பாவின் கழுத்திலேயே ஒரு மாலையைப் போட்டுவிட்டார். அப்பாவை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டீ குடித்துவிட்டு, எங்கள் இருவரையும் லாரியில் ஏறச் சொன்னார். பள்ளிக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன்.

"கொட்டச்சேடு வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்" என்றார் அம்மாவிடம்.

"ஏனுங்க, ஃபாதரு காத்துட்டிருப்பாருங்களே."

"அவுங்கெல்லாம் வந்து சேர நேரமாவும். உங்கண்ணன் ஒருக்கா பாக்கட்டும்."

அம்மா அதற்கு மேல் தடுக்கவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததால்தான் சொல்கிறேன், அந்தப் பயணத்தில் அம்மாவுக்கும் பங்கு உண்டு.

மாமாவின் வீட்டுக்குப் போக எஸ்டேட் கேட்டுக்குள் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் கல்தூண். தினமும் மூட்டை ஏற்றிய லாரிகள் நுழைகிற வழிதான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு முழத்தை அப்பா மறந்துவிட்டார். பெரிய சத்தமெல்லாம் இல்லை. தகர டப்பாவைக் கல்லில் வைத்துத் தேய்த்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா பிரேக்கை மிதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை ஆடிக்கொண்டிருந்தது.

தூணுக்கு அந்தப் பக்கம் மாமா குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. கிட்டே வந்து தோள்துண்டை எடுத்து, இறக்கையில் படிந்திருந்த கல்தூளைத் துடைத்தார். விளிம்பில் கை அகலத்துக்குத் தகடு கிழிந்து உள்ளே மடங்கியிருந்தது. அதையும் விரலால் நிமிர்த்திவிடப் பார்த்தார்.

"உள்ள வாங்க மாப்ள. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போவீங்களாமா" என்றார்.

அந்த வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரில் ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். மாமா திட்டியிருந்தாலோ குத்திப் பேசியிருந்தாலோ அப்பா பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கு வந்ததும் ஃபாதரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், கல்லில் உரசிவிட்டதென்று. எந்தக் கல் என்று ஃபாதர் கேட்கவில்லை. மலைவளைவில் என்று அவராகவே எடுத்துக்கொண்டார். அப்பா திருத்தவில்லை. விமானத்தைப் பூட்ட வந்திருந்த விமானப்படைக்காரர்களில் மூத்தவர் கிழிசலைப் பார்த்துவிட்டு, இது இனிப் பறக்கப்போவதில்லை, ஒரு தகடு அடித்தால் போதும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் அப்பா சேலத்துக்குப் போய் பஸ் பட்டறை டிங்கரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தகடு அடித்து, அதன் மேல் வண்ணமும் பூசியாயிற்று. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

திறப்பு விழா அன்று மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். விமானத்தைச் சுற்றி வரும்போது ஒட்டின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். ஃபாதர் ஒரு நொடிதான் யோசித்தார்.

"சண்டையில குண்டு பட்ட எடமுங்க" என்றார்.

கூட்டம் கை தட்டியது. எங்களை வாராவாரம் பாவசங்கீர்த்தனத்தில் உட்கார வைத்து, சொன்ன பொய்யையெல்லாம் ஒப்புக்கொள்ள வைக்கிறவர் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா கூட்டத்தில் நிற்பதை அவர் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் ஒரு ஏழை டிரைவரைக் கை காட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பார். அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

சீக்கிரத்திலேயே விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து அதையே எழுதியும் விட்டார்கள்.

எஸ்டேட்டில் அப்பாவின் வேலை போனது. கேட்காமல் லாரியைக் கொட்டச்சேட்டுக்கு எடுத்துப் போன சேதி அங்கே எட்டிவிட்டது. மாமாதான் சொல்லியிருப்பார் என்று அம்மா முடிவு கட்டினாள். சாகும்வரை அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாலை போட்ட லாரி ஒண்டிக்கடையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பியது என்பதை ஊரே பார்த்திருந்தது. காட்டிக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. இது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அதற்குள் மாமாவும் போய்விட்டார்.

வேலை போனதைக் கேள்விப்பட்டு ஃபாதர் அப்பாவைப் பள்ளி ஜீப்புக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். அதனால் அப்பா தினமும் அந்த இறக்கையைக் கடந்துதான் ஜீப்பை நிறுத்த வேண்டியிருந்தது.

ஜூனில் பள்ளி திறந்தபோது பிள்ளைகளிடையே ஒரு பழக்கம் வந்திருந்தது. பரீட்சை என்றால் ஒட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. பந்தயத்துக்கு முன்னால் தொடுவது. காய்ச்சல் வந்தவன்கூடத் தொட்டுவிட்டுப் போவான். அந்த ஒட்டில் மட்டும் வண்ணம் தேய்ந்து வெறும் அலுமினியம் தெரிவதைக் காற்றின் உராய்வு என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கள் உள்ளங்கை. எனக்கு உண்மை தெரியும். நானும் வரிசையில் நின்று தொட்டேன். நிற்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஜீப்பிலிருந்து அப்பா பார்ப்பார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தச் சமயங்களில் எனக்கு வெட்கமாக இருக்கும். அவரை நினைத்தா என்னை நினைத்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள் ஓர் அம்மாள் வந்தார்கள். வாழப்பாடிப் பக்கம். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். சாயம் போன நீலச் சேலை, கையில் ஒரு குடை. அவர்களுடைய வீட்டுக்காரர் இந்த ரக விமானம் ஓட்டியவராம். ஒருமுறை விடுப்பில் வந்தபோது, இறக்கையில் குண்டு பட்டும் பத்திரமாக இறக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த வருஷம் ஒரு பயிற்சியில் பனிமூட்டத்தில் போனவர் திரும்பவில்லை. உடல் வந்த பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லையாம். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வந்துபோன உறவுக்காரர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டுப் போய்ச் சொல்ல, இது அந்த விமானம்தான் என்று கிளம்பி வந்துவிட்டார்கள். இதெல்லாம் அவர்கள் ஃபாதரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பள்ளி விட்டு ஜீப்புக்காகக் காத்து நின்ற நான் கேட்டது.

ஃபாதர் என்ன சொல்வார் என்று பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாளைக் கூட்டிப்போய் இறக்கையைக் காட்டச் சொல்லி அப்பாவை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூடுபனியில் விமானத்தின் மூக்கு தெரியவில்லை; இறக்கை மட்டும் தெரிந்தது. அவர்கள் குடையைக் கீழே வைத்தார்கள். ஒட்டின் மேல் ஒரு கையை வைத்தார்கள், பிறகு இன்னொரு கையை. ஒவ்வொரு ரிவிட்டாக விரல் வைத்துத் தடவினார்கள். கடைசியில் கன்னத்தை அதன் மேல் சாய்த்துக்கொண்டார்கள். அழுத சத்தம் கேட்கவில்லை. அப்பா குடையை எடுத்து அவர்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நின்றார்.

"இதைய லாரில இருந்து எறக்கறப்ப நீங்க இருந்தீங்களாங்க?" என்று கேட்டார்கள்.

"இருந்தனுங்க."

திரும்பும்போது அவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். ஒண்டிக்கடையில் மகளை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். மலை ஏறும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்துத் துவண்டுபோன குழந்தை, டீக்கடைக்கார அம்மாவிடம் படுத்திருக்கிறதாம். வீட்டுக்காரர் இறந்தபோது அது வயிற்றில் இருந்தது, அப்பாவைப் பார்த்ததே இல்லை. இதை வந்து பார்க்க வேண்டுமென்று அதுதான் பிடிவாதம் பிடித்ததாம்.

ஏரிக்கு முன்னால், சவுக்கு மரங்கள் அடர்ந்த இடத்தில், அப்பா ஜீப்பை ஓரம் கட்டினார். என்ஜினை அணைத்தார். ஜீப்பின் துணிக்கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் இருந்தது. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது குண்டு இல்லீங்க. நான் லாரில கொண்டு வாரப்ப கல்லுல இடிச்சதுங்க."

எனக்கு அப்போது நெஞ்சு விரிந்ததை இன்றும் மறக்கவில்லை. என் அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்த அம்மாள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க இதைய எங்கிட்டச் சொன்னீங்க?" என்றார்கள். கோபமாகக் கேட்கவில்லை.

"மனசு கேக்கலீங்க."

"உங்க மனசு கேக்கலைன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வெளியே மழையைப் பார்த்தார்கள். "புள்ளைகிட்ட நான் என்னன்னுங்க சொல்லட்டும்?"

அப்பா ஜீப்பை எடுத்தார். சொன்னது நல்லதா, சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று அவர் எப்போதாவது யோசித்திருப்பார். எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே அன்று தெரியாது. இப்போது இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கையில், உங்கள் மனது கேட்கவில்லை என்று எங்களிடம் எதற்குச் சொன்னீர்கள் என்று நீங்களும் கேட்கலாம். கேட்டால் நியாயம்தான்.

டீக்கடை பெஞ்சில் அந்தப் பெண்குழந்தை சுருண்டு படுத்திருந்தது. என்னைவிடச் சின்னது. கையில் எலுமிச்சம்பழம், கன்னத்தில் பெஞ்சுப் பலகையின் தடம். அம்மாவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தது.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் சாமி."

"குண்டு பட்டது இருந்துதா?"

அந்த அம்மாள் அதன் முடியை ஒதுக்கிவிட்டார்கள். குழந்தை அம்மாவுக்குப் பின்னால் நின்ற என் அப்பாவைப் பார்த்தது.

"ஏனுங் மாமா, நெசமாலுமே குண்டுதானுங்களா?"

சேலம் பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். கண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். பிறகு பெஞ்சுக்கு முன்னால், ஈரத்திலேயே, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"குண்டுதாங் கண்ணு" என்றார்.

"எத்தாப் பெருசு?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இத்தாப் பெருசு. ஓரம் கிழிஞ்சு உள்ளார மடங்கிருந்துச்சு. மேல தகடு வெச்சுச் சுத்தியும் ஆணி அடிச்சிருக்குது. ஒவ்வொரு ஆணியும் பொத்தானாட்டம் இருக்கும். தொட்டா நொம்ப சில்லுனு இருக்கும்."

"எங்கப்பா அதோடயேவா எறக்குனாங்க?"

"அதோடயேதாங் கண்ணு. ஒரு கீறல் இல்லாம எறக்கீட்டாரு."

குழந்தை தன் கைகளை அதே அளவுக்கு விரித்துப் பார்த்தது. அந்த அளவு மாறிவிடக்கூடாது என்பதுபோல, விரித்த கைகளை மடக்காமலே பஸ்ஸில் ஏறியது. அந்த அம்மாள் படியில் கால் வைத்தவர்கள் திரும்பினார்கள்.

"வர்றனுங்கண்ணா" என்றார்கள்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ் போனபிறகு ஜீப்பின் முன் கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அது எப்போதும் என் இடம். நான் ஏறவில்லை. சற்று முன்புதான் உண்மையைச் சொன்ன மனிதர், அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையிடம் முழுப் பொய்யைச் சொல்கிறார். அதுவும் எப்படிச் சொன்னார், ஆணி முதற்கொண்டு. ஃபாதரிடம் இருந்த கோபம், அந்த வரிசையில் நின்று தொட்ட வெட்கம், எல்லாம் அவர் மேல் திரும்பிவிட்டது.

"பொய் சொல்லீட்டீங்க" என்றேன்.

"மழை வருது, ஏறு சாமி" என்றார்.

பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நான் நடக்க ஆரம்பித்தேன். வீடு கிட்டத்தில் இல்லை. பனி இறங்கி ரோடு முழுக்க வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் விழுந்து, என் நிழல் எனக்கு முன்னால் நீண்டது. அப்பா ஜீப்பை என் பின்னாலேயே நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, முந்திக்கொண்டும் போகவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் அப்படியே வந்தார். நான் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.